பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு

காலை நிகழ்ச்சியில் தீபாவளிச் சந்தை பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "இந்தியாவில 600 ரூபாய்க்குக் கிடைக்கிற டாப்பை இங்க 25 வெள்ளிக்கு விக்கிறாங்கம்மா. கொள்ளை லாபம்!" நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டிருக்கிறேன். என் சித்தி மகள் அந்த வியாபாரத்தில் இறங்கிய பிறகு, ஆமாம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு தங்கை வேலையை விட்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யலாம் என்று ஈரோட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் 240 பருத்திக் குர்த்திகளுக்குச் சொல்லி வைத்தாள். ஒன்று 9 வெள்ளி. முதலுக்காக, சித்தி தன் இரட்டை வடச் சங்கிலியை அடகுக்கடையில் வைத்தார். "ஆறு மாசத்துல மீட்டுக்கலாம், அம்மாடி. கழுத்துல சும்மா கெடக்குறதுக்கு அது உனக்கு உதவட்டுமே" என்று சொல்லித்தான் கழற்றிக் கொடுத்தார்.

அனுப்பும் செலவுக்குத் தங்கை போட்ட கணக்கு ஒரே வரி. ஒரு குர்த்தி 270 கிராம். 240 குர்த்திகள் 65 கிலோ. கூரியர் கிலோவுக்கு 7 வெள்ளி. ஆக 455 வெள்ளி. துணிக்கு 2,160 வெள்ளியோடு சேர்த்தால் ஒன்றின் அடக்கவிலை 11 வெள்ளிக்குள் வருகிறது. 18 வெள்ளிக்கு விற்றால் ஒன்றுக்கு 7 வெள்ளி லாபம்.

வந்த ரசீதில் அனுப்பும் செலவு மட்டும் 1,090 வெள்ளி. அதன் கீழே வரி தனி.

"கிலோவுக்கு ஏழு வெள்ளின்னுதானே அக்கா சொன்னாங்க? நான் எங்க தப்புப் பண்ணினேன்?" என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழுதாள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பாட்டு மேசையில் அந்த ரசீதை விரித்து வைத்துக்கொண்டு, சரக்கு அனுப்பும் முகவர் ஒருவரையும் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டோம். நிகழ்ச்சிக்காகவும், குடும்ப ஒன்றுகூடலுக்காகவும், சிறு வியாபாரத்துக்காகவும் மொத்தமாகத் துணி வரவழைக்கும் பலர் நம்மிடையே இருப்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் இந்த வாரப் பத்தியில்.

தராசு சொல்வது பாதிதான்

விமானத்தில் இடம்தான் அரிது. பஞ்சு மூட்டை எடை குறைவு என்பதற்காக மலிவாக ஏற்ற முடியாது. அது அடைக்கும் இடத்தில் வேறு எதையும் வைக்க முடியாதே. அதனால் கூரியர் நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எடைகளைப் பார்க்கின்றன. ஒன்று, தராசு காட்டும் எடை. மற்றது, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வரும் கன அளவு எடை. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

தங்கையின் துணி ஆறு பெட்டிகளில் வந்தது. ஒவ்வொன்றிலும் 40 குர்த்திகள். பெட்டியோடு சேர்த்துத் தராசில் 12 கிலோ. ஆனால் வியாபாரி கையில் கிடைத்த பெரிய பெட்டிகளில் துணியைத் தளர்வாகப் போட்டு ஒட்டியிருந்தார். அளவு 60, 45, 40 சென்டிமீட்டர். பெருக்கினால் 1,08,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 21.6. அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றி 22 கிலோ என்று எழுதிவிட்டார்கள். ஆறு பெட்டிகள் 132 கிலோ. தராசில் இருந்ததோ 72 கிலோ. மிச்ச 60 கிலோ முழுக்கக் காற்று. அந்தக் காற்றுக்கும் கிலோவுக்கு 7 வெள்ளி கொடுத்திருக்கிறாள்.

132 கிலோவுக்கு 924 வெள்ளி. அதற்குமேல் எரிபொருள் கூடுதல் கட்டணம் 18 விழுக்காடு. விலை கேட்கும்போது சொல்லப்படும் கிலோ கட்டணத்தில் இது பெரும்பாலும் சேராது. மாதத்துக்கு மாதம், சில நிறுவனங்களில் வாரத்துக்கு வாரம் மாறும். "எரிபொருள் கட்டணம் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மடிப்பில் இருக்கிறது மிச்சம்

அதே 240 குர்த்திகளை வேறு மாதிரி அடுக்கியிருந்தால்? வீட்டிலேயே செய்து பார்த்தோம். விற்காமல் தங்கிய துணிதான் பாம் ஷெல்டரில் குவிந்து கிடந்ததே! ஒரு குர்த்தியை 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு மடித்து, உறையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றினால், தடிமன் இரண்டரைச் சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. 60, 40, 30 அளவுப் பெட்டியில் நான்கு அடுக்கு. அடுக்குக்கு 12. ஆக 48 குர்த்திகள். ஐந்து பெட்டிகளில் 240-உம் முடிந்தது.

இப்போது கன அளவு எடை ஒரு பெட்டிக்கு 14.4 கிலோ, தராசு எடை 14 கிலோ. இரண்டும் ஏறக்குறைய சமம். காற்று போய்விட்டது. ஐந்து பெட்டிகளுக்குக் கட்டண எடை 72.5 கிலோ. எரிபொருள் கட்டணத்தோடு 599 வெள்ளி. அதே துணி, அதே கூரியர், அதே கிலோ விலை.

எனவே ஆர்டர் கொடுக்கும் முன்பே வியாபாரியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: பெட்டியின் வெளி அளவு, ஒரு பெட்டியில் எத்தனை துணி, நிரப்பிய பெட்டியின் எடை. "பார்த்துப் போட்டுக்கலாம் மேடம்" என்றால், அந்தப் பார்த்துப் போடுவதற்கு நீங்கள்தான் காசு கட்டப் போகிறீர்கள். மாதிரிக்கு ஒரு துணி வாங்கிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எல்லா அளவும் கலந்து வாங்கினால், சின்ன அளவை வைத்துக் கணக்குப் போடாமல் 'எல்' அளவை வைத்துப் போடுங்கள். எண்ணிக்கையையும் பெட்டிக்குப் பொருந்தச் சொல்லுங்கள். 48 பிடிக்கும் பெட்டிக்கு 50 துணி சொன்னால், அந்த இரண்டு துணிக்காக இன்னொரு பெட்டி வரும்.

கப்பலில் வந்தால் மலிவா?

"விமானம் வேண்டாம், கப்பலில் போடு" என்று சொல்லாத உறவினர் இல்லை. கொள்கலன் முழுவதும் நிரப்ப முடியாதவர்கள், பலரின் சரக்கோடு தங்கள் சரக்கையும் சேர்த்து அனுப்பலாம். அங்கே கணக்கு கன மீட்டரில். ஒரு கன மீட்டர், அல்லது ஒரு டன், இதில் எது அதிகமோ அது. துணி லேசானது என்பதால் எப்போதும் கன மீட்டர்தான் முந்தும். குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு. தங்கையின் ஐந்து பெட்டிகளோ 0.36 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு இடத்தை நிரப்பிவிட்டு முழு இடத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

முகவர் சொன்ன கடல் கட்டணம் 40 வெள்ளிதான். தங்கையின் முகம் மலர்ந்தது. "பொறுங்கம்மா" என்று அவர் அடுத்த தாளைத் திருப்பினார். ஈரோட்டிலிருந்து துறைமுகம் வரை லாரி, அங்கே ஏற்றுமதிப் பத்திரங்கள், இங்கே முனையக் கட்டணம், கிடங்கில் கொள்கலனைப் பிரித்து எடுக்கும் கட்டணம், சரக்கு விடுவிப்புச் சீட்டு, சுங்க அனுமதி, வீடு வரை லாரி. கூட்டிப் பார்த்தால் 520 வெள்ளி. விமானத்தைவிட 80 வெள்ளிதான் குறைவு. அதற்காக நான்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே ஒரு கன மீட்டரை மூன்று பேர் பகிர்ந்தால், ஆளுக்கு ஏறக்குறைய 173 வெள்ளி. கடல்வழி தனி ஆளுக்கு லாபம் தராது, கூட்டாளிக்குத்தான் தரும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கப்பலில் வருபவர்கள் நாள்களைக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் நடுவில், செங்கடல் வழியைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால், நம் துறைமுகத்திலும் நெரிசல் ஏற்பட்டது. அந்தச் செய்தியை நானே வாசித்தேன். எங்கோ நடக்கும் சண்டை தீபாவளிக்கு நாம் உடுத்தும் துணியைத் தாமதப்படுத்தும் என்று வாசிக்கும்போது தோன்றவில்லை. தீபாவளி முடிந்து மறுநாள் வந்து சேரும் பாவாடை சட்டைக்கு விலை ஏது?

மூன்று எழுத்துகளில் ஒளிந்திருக்கும் செலவு

வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியலின் ஓரத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். 'எஃப்.ஓ.பி.' என்றால் அங்குள்ள துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரை அவர் பொறுப்பு, மீதி உங்களுடையது. 'சி.ஐ.எஃப்.' என்றால் சிங்கப்பூர் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணமும் காப்புறுதியும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இங்கு இறக்கும் செலவு, அனுமதி, வரி, லாரி எதுவும் சேரவில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். 'டி.டி.பி.' என்றால் வரி உட்பட வாசல் வரை அவரே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 'எக்ஸ் ஒர்க்ஸ்' என்று இருந்தால், அவர் கிடங்கு வாசலிலேயே கைகழுவிவிட்டார்.

வரி எதற்குப் போடப்படுகிறது?

சிங்கப்பூரில் துணிக்குச் சுங்கத் தீர்வை இல்லை. பொருள், சேவை வரி உண்டு. 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. அது துணியின் விலைக்கு மட்டும் அல்ல. துணி, அனுப்பும் கட்டணம், காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. அதனால் காற்றை அனுப்பினால், அந்தக் காற்றுக்கும் வரி. தங்கையின் முதல் ஆர்டரில் 2,160 வெள்ளியும் 1,090 வெள்ளியும் சேர்ந்து 3,250. அதற்கு வரி 292 வெள்ளி 50 காசு. அந்த வரியை முன்கூட்டிக் கட்டியதற்கும் அனுமதி எடுத்ததற்கும் கூரியரின் கட்டணம் 40 வெள்ளி.

வரிக்குப் பதிவு செய்த நிறுவனங்கள் இந்த வரியைத் திரும்பக் கோரலாம். ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவில்லாத வீட்டு வியாபாரிக்கு அது போன பணம்தான். அடக்கவிலையில் சேர்த்துவிட வேண்டும்.

இங்கே இரண்டு குறுக்குவழிகளைப் பலர் காதில் ஓதுவார்கள். ஒன்று, "விலையைக் குறைச்சு எழுதச் சொல்லு". பொய்யான மதிப்பைக் காட்டுவது குற்றம். பெட்டி தொலைந்தாலும், எழுதிய அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். மற்றொன்று, "ஊருக்குப் போறவங்க பெட்டியில போட்டு விடு". வெளிநாட்டில் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கித் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி மதிப்பு வரை வரிச் சலுகை உண்டு என்பது உண்மை. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும். விற்பனைக்குக் கொண்டுவரும் சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அத்தையின் பெட்டியில் முப்பது குர்த்திகளை வைத்து அனுப்பி, சாங்கி விமான நிலையத்தில் அவரை நிறுத்தி வைக்க வேண்டாம்.

எதனால் வகுப்பது?

எல்லாவற்றையும் கூட்டினோம். முதல் ஆர்டருக்கு ஆன மொத்தச் செலவு 3,583 வெள்ளி. ஒரு குர்த்தியின் அடக்கவிலை 14 வெள்ளி 93 காசு. அவள் நினைத்திருந்ததோ 11. சந்தையில் மேசை வாடகையில் அவள் பங்கு 600 வெள்ளி. 190 குர்த்திகள் 18 வெள்ளிக்கு விற்றன. வரவு 3,420. செலவு 4,183. நட்டம் 763 வெள்ளி.

"கூட்டம் நல்லாத்தானே அக்கா இருந்துச்சு" என்றாள் தங்கை. கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. விற்க விற்க நட்டம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தீபாவளிக்குச் சித்தியின் கழுத்தில் கவரிங் சங்கிலி. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் அங்கே ஒருமுறை போய்த் திரும்பியது. தங்கையின் கணவர் கோபப்பட்டு ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி விடு, இதெல்லாம் உனக்கு ஒத்துவராது" என்று மெதுவாகச் சொன்னார். அதுதான் அவளைத் தைத்தது.

சரியாக மடித்து அடுக்கியிருந்தால், வரியும் குறைந்து மொத்தச் செலவு 3,047 வெள்ளியாகியிருக்கும். மடிப்பில் மட்டும் ஏறத்தாழ 535 வெள்ளி. ஆனாலும் 18 வெள்ளிக்கு விற்றிருந்தால் நட்டம் தீர்ந்திருக்காது. ஏனென்றால் இன்னொரு தவறும் இருந்தது. செலவை அவள் 240-ஆல் வகுத்தாள். வாங்கிய எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. விற்கும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 'டபுள் எக்ஸ்எல்' தீர்ந்துவிடும், 'எஸ்' தங்கிவிடும். ஒரு நிறம் பறக்கும், ஒரு நிறம் தூங்கும். நூற்றுக்கு 85 விற்கும் என்று வைத்துக்கொண்டால் 204. வாடகையும் சேர்த்து 3,647 வெள்ளியை 204-ஆல் வகுத்தால் 17 வெள்ளி 88 காசு. 18 வெள்ளிக்கு விற்றால் ஒரு குர்த்திக்குப் 12 காசு மிஞ்சும்.

ஆக, கணக்கின் வரிசை இதுதான்:

1. பெட்டியின் அளவும் எடையும் கேட்டு, கட்டண எடையைக் கண்டுபிடியுங்கள்.
2. கிலோ கட்டணத்தோடு எரிபொருள் கட்டணத்தைச் சேருங்கள்.
3. துணி விலை, அனுப்பும் கட்டணம், காப்புறுதி மூன்றையும் கூட்டி, அதற்கு 9 விழுக்காடு வரி போடுங்கள்.
4. அனுமதி, கையாளும் கட்டணம், உள்ளூர் லாரி, வாடகையைச் சேருங்கள்.
5. விற்கும் என்று நம்பும் எண்ணிக்கையால் வகுங்கள்.

குடும்ப ஒன்றுகூடலுக்கு டி-சட்டை வரவழைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். தலைக்கு இவ்வளவு என்று பணம் வசூலிப்பதற்கு முன் போடுங்கள். வசூலித்த பிறகு "இன்னும் நாலு வெள்ளி கொடுங்க" என்று பெரியப்பாவிடம் போய் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

(மேலே உள்ள கட்டணங்கள் தங்கையின் ரசீதிலும் எங்கள் முகவரின் தாளிலும் இருந்தவை. உங்களுக்குச் சொல்லப்படும் விலை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.)

பிறகு என்ன ஆனது?

அடுத்த ஆண்டு தங்கை மறுபடியும் இறங்கினாள். வீட்டில் யாருக்கும் மனமில்லை, சித்தியைத் தவிர. இந்த முறை 192 மட்டும். நான்கு பெட்டி நிறைய, ஐந்தாவது பெட்டி இல்லாமல். மடிப்பை வீடியோ எடுத்து வியாபாரிக்கு அனுப்பினாள். ஆயுத பூசைக்குப் பட்டறைகள் மூடும் முன்பே சரக்கு கிளம்ப வேண்டும் என்று தேதியும் வாங்கிக்கொண்டாள். விலை 24 வெள்ளி. "போன வருஷம் 18-தானே?" என்று கேட்டவர்களிடம், "போன வருஷம் எனக்குக் கணக்குத் தெரியாதுங்க" என்றாள். பதினொன்று போக மீதி விற்றது. எல்லாச் செலவும் போகக் கையில் கிட்டத்தட்ட 1,300 வெள்ளி. சித்தியின் சங்கிலி திரும்பி வந்தது. கணவரோ, பெட்டி ஒட்டும் நாடாவைத் தானே போய் வாங்கி வந்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

போன வாரம் நான் அங்கிருந்தபோது ஓர் அழைப்பு. தொண்டூழியர் குழு ஒன்றுக்கு 150 டி-சட்டைகள், பத்து நாளில். ஒன்றுக்கு 9 வெள்ளி தருகிறார்களாம். முன்பென்றால் 150 என்ற எண்ணிக்கையைக் கேட்டதுமே சரி என்றிருப்பாள். இப்போது நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். திருப்பூர் விலை 6 வெள்ளி, ஆக 900. கட்டண எடை 36 கிலோ, எரிபொருளோடு 297. வரி 108. கூரியருக்கு 40. மொத்தம் 1,345. அவர்கள் தருவது 1,350. மிஞ்சுவது 5 வெள்ளி.

"பத்து நாள்ல வேணும்னா 12 வெள்ளி ஆகும் அண்ணே. 9 வெள்ளிக்கு என்னால முடியாது" என்றாள். மறுமுனையில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இதை எழுதும் வரை அவர்கள் திரும்ப அழைக்கவில்லை. நான்தான் இரண்டு முறை கேட்டேன். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் அக்கா" என்றபடி, அவள் அடுத்த பெட்டிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

இனி நேயர் யாராவது "கொள்ளை லாபம்" என்று சொன்னால், அவரிடம் நான் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "பெட்டி என்ன அளவுங்க?"

அடுத்த வாரம் சந்திப்போம்.